கற்பூரம் அணைந்த உயரம்

கற்பூரம் அணைந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? இன்னொரு தீக்குச்சியைக் கிழிப்பீர்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். அதுதான் தப்பு!

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடந்தது. பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் எனக்குத் துவாஸ் என்றாலே வெளியூர்ப் பயணம் மாதிரி. தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. ஆனால் தங்கை வசந்தி கூப்பிட்டுவிட்டாள், போகாமல் இருக்க முடியுமா? வழியில் லிட்டில் இந்தியாவில் இறங்கி மாலை, எலுமிச்சம்பழம், ஊதுபத்தி, கற்பூரம், ஒரு பூசணிக்காய் எல்லாம் வாங்கிக்கொண்டேன். எம்ஆர்டி ரயிலில் மடியில் பூசணிக்காயோடு உட்கார்ந்திருப்பவனை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது இந்த ஊரின் பெருமைகளில் ஒன்று.

விசேஷம் இதுதான். வசந்தியின் கணவர் சேகர் சின்னதாக ஒரு லாரி கம்பெனி நடத்துகிறார். தொழிற்சாலைகளுக்கு ரசாயன டிரம்களைக் கொண்டுபோகிற வேலை. இப்போதெல்லாம் சரக்குக் கொடுக்கும் பெரிய கம்பெனிகள் புதிதாக ஒரு கேள்வி கேட்கின்றனவாம். உங்கள் லாரி எவ்வளவு கரியமில வாயு விடுகிறது? பதில் பிடிக்கவில்லை என்றால் காண்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆகவே மாப்பிள்ளை முதல் முதலாக ஒரு எலெக்ட்ரிக் லாரி வாங்கிவிட்டார். அதற்குத்தான் பூஜை.

வெள்ளை லாரி. புகைக்குழாய் கிடையாது. சத்தமும் கிடையாது. விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்றே தெரியவில்லை. பக்கத்தில் போய் நின்றபோது எனக்கென்னவோ முதுகு லேசாகச் சிலிர்த்தது. டீசல் லாரி என்றால் இருமும், உறுமும். இது சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறது!

"பூஜையைக் கோயில் வாசல்ல வச்சிருக்கலாமே மாப்பிள்ளை? ரசாயனம் இருக்கிற இடத்துல கற்பூரமா?" என்று கேட்டேன்.

சேகர் சிரித்தார். "தொழில் பண்ற இடத்துல ஏத்துனாதான் மச்சான் எனக்குத் திருப்தி. அந்தப் பக்கம்தான் தின்னர், சால்வென்ட் எல்லாம். அங்க தீப்பெட்டியே எடுக்கக் கூடாது. ஆனா இந்தச் சுவருக்குப் பின்னாடி இருக்கிறது பக்கத்துக் கம்பெனியோட கார்பன் டை ஆக்சைடு டேங்க். சோடா கம்பெனிக்குப் போறது. நெருப்பை அணைக்கிற சிலிண்டர்ல இருக்கே, அதே கேஸ்தான். இதைவிட சேஃபான இடம் கிடைக்காது லா!"

யோசித்துப் பார்த்தேன், சரியாகத்தான் பட்டது. உங்களுக்கும் பட்டிருக்கும்.

இடத்தைக் கொஞ்சம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு ஏற்றுகிற மேடை. அதன் முன்னால், சரிவாக இறங்கும் ஒரு பள்ளம். மூன்று பக்கமும் சுவர். லாரி மூக்கை உள்ளே விட்டு, மேடையைப் பார்த்தபடி பள்ளத்தில் நின்று சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. நானும் வசந்தியும் சேகரும் மேடையின் மேல். கீழே, லாரிக்கும் மேடைக்கும் நடுவில் இருந்த குறுகிய இடத்தில், டிரைவர் முருகேசன்.

முருகேசன் புதுக்கோட்டைக்காரர். லாரியை ஓட்டப்போகிறவர் அவர்தான். ஆகவே பூஜையும் அவர் கையால்தான் என்று சேகர் சொல்லிவிட்டார். மனுஷனுக்கு ஒரே சந்தோஷம். போனை மேடை ஓரத்தில் சாய்த்து வைத்து, ஊரில் இருக்கும் மனைவிக்கு வீடியோ காலில் நேரடி ஒளிபரப்பு!

"செல்வி, தெரியுதா? இதான் என் வண்டி!"

"தெரியுதுங்க. ஏதோ உஸ்ஸுன்னு சத்தம் கேக்குதே, என்ன அது?"

எங்களுக்கும் கேட்டது. மெல்லிசாக, விடாமல்... உஸ்ஸ்ஸ். "கரண்டு வண்டி அப்படித்தான் மூச்சு விடும்போல" என்றார் முருகேசன். எல்லோரும் சிரித்தோம். எலெக்ட்ரிக் லாரி எப்படிச் சத்தம் போடும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

முருகேசன் தரையில் வெற்றிலை வைத்து, அதன்மேல் கற்பூரம் வைத்தார். தீக்குச்சியைக் கிழித்தார். நன்றாக எரிந்தது. குனிந்து கொண்டுபோனார். அணைந்தது.

இன்னொன்று. முழங்கால் வரை எரிந்தது, அணைந்தது.

"காத்து" என்றாள் வசந்தி. காற்றா? லாரியில் போட்டிருந்த மாலையில் ஒரு இதழ்கூட ஆடவில்லை.

வசந்தி மேலேயே தட்டில் கற்பூரத்தை ஏற்றி, கீழே நீட்டினாள். சுடர் கொழுந்துவிட்டு எரிந்தது. முருகேசன் இரண்டு கையாலும் வாங்கி, மெல்ல இறக்கினார். இந்தத் தடவை இடுப்பருகிலேயே அணைந்தது. ஆடவில்லை, மினுக்கவில்லை. யாரோ இரண்டு விரலால் நசுக்கியதுபோல் அணைந்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதலில் முழங்கால், இப்போது இடுப்பு. எதுவோ மேலே ஏறி வருகிறது என்று தோன்றியது. லாரி முகப்பில் செருகியிருந்த ஊதுபத்தியின் புகையும் மேலே போகவில்லை. கொஞ்சம் இறங்கி, விரித்த வேட்டி மாதிரி பள்ளம் முழுக்கத் தட்டையாகப் படுத்திருந்தது. வாயைத் திறந்து ஏதாவது சொல்ல வேண்டும்... சொல்லவில்லை. நல்ல காரியத்தில் அபசகுனமாகப் பேசக் கூடாதே!

"சரி விடுங்க, பழத்தை வச்சுக் கும்பிட்டுடுங்க" என்றாள் வசந்தி. அவள் முகமும் வெளுத்திருந்தது.

முருகேசன் முன் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். அப்படியே முழங்காலிட்டார். நெற்றியை லாரியின் பம்பரில் வைத்தார். என்ன பக்தி! நாங்களும் கைகூப்பினோம். சேகர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கும் ஒரே அமைதி. அந்த உஸ்ஸ் மட்டும்.

அப்போதுதான் போனிலிருந்து குரல் வந்தது.

"ஏங்க..." கொஞ்சம் இடைவெளி. "ஏங்க, எந்திரிங்க." அப்புறம் அலறல். "அக்கா! அவரைப் பாருங்கக்கா! அவரு இவ்வளவு நேரமெல்லாம் சாமி கும்பிட மாட்டாருக்கா!"

சேகர் கண்ணைத் திறந்தார். அணைந்த கற்பூரத்தைப் பார்த்தார், படுத்திருந்த புகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். நான் கீழே குதிக்கப் போனேன். என் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார்.

"இறங்காதீங்க மச்சான்! இறங்கினா நீங்களும் எந்திரிக்க மாட்டீங்க! படுங்க... கையை மட்டும் நீட்டுங்க!"

இருவரும் மேடையில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, முருகேசனின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்து இழுத்தோம். அந்தக் கனம்! போனில் செல்வி அழுதுகொண்டே இருந்தாள். மேடைக்கு வந்த முருகேசன் நீலம் பாரித்துக் கிடந்தார். பிறகு ஒரு பெரிய மூச்சு. பிறகு இருமல். வசந்தி ஓவென்று அழுதுவிட்டாள். நானும்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது. பக்கத்துக் கம்பெனியின் தொட்டிக் குழாயில் ஒரு மூட்டு கசிந்திருக்கிறது. நாங்கள் கேட்ட உஸ்ஸ் அதுதான். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது. சுவரின் அடியில் தண்ணீர் போகும் ஓட்டை வழியாக வந்து, எங்கள் பள்ளத்தில் குளம் மாதிரி நிறைந்திருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. எச்சரிக்கைக் கருவி இருந்தது – சுவருக்கு அந்தப் பக்கம், உயரத்தில். வாயு இந்தப் பக்கம், தாழ்வில். நெருப்பை அணைக்கிற வாயு கற்பூரத்தை அணைத்தது. அடுத்து மூச்சை அணைக்கப் பார்த்தது. எந்த வாயுவைக் குறைப்பதற்காக லாரி வாங்கினோமோ, அதே வாயு அதன் காலடியிலேயே வந்து படுத்திருந்தது!

ஆஸ்பத்திரியில் சேகர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நெருப்பு ஒண்ணுதான் ஆபத்துன்னு நினைச்சிட்டேன் மச்சான். பத்து வருஷமா சேஃப்டி சேஃப்டின்னு கத்துறேன், நானே இடத்தைக் காட்டி நிக்க வச்சிருக்கேன்." ஆபத்து என்றால் எரியும், நாறும், வெடிக்கும் என்றுதானே நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். சத்தமில்லாமல் இடுப்பளவு ஏறி வருவதை யார் சந்தேகப்படுகிறோம்?

சுடர் மூன்று தடவை சொன்னது. அதை நாங்கள் சகுனம் என்று எடுத்துக்கொண்டு, பயந்து, பேசாமல் இருந்தோம். 'ஏன் அணைகிறது?' என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

முருகேசன் மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவிட்டார். "சோடா குடிச்சா மூக்குல சுருக்குன்னு ஏறுமே சார், அந்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் சாமி வந்த மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதான் தெரியும்" என்றார். கசிவை அடைத்தாகிவிட்டது. சார்ஜரையும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வளாகத்தில் இனிமேல் கற்பூரம் கிடையாது.

ஆகவே நேற்று கோயில் வாசலில், திறந்த வெளியில், மறுபடி பூஜை. கற்பூரம் தரையில் சமத்தாக எரிந்தது. முருகேசன் கண்ணை மூடி, உடனே திறந்து, எழுந்துவிட்டார். பிழைத்து வந்தவர், கூடக் கொஞ்ச நேரம் நிற்கக் கூடாதா என்று கேட்டேன்.

போனைத் திருப்பிக் காட்டினார். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள் செல்வி.

"கூட நேரமானா அவ பயந்துடுவா சார்."