இரண்டால் பெருக்கிய இடது கால்

சைக்கிளின் இடது பெடலைத் தாங்குகிற இரும்புக் கையின் உட்புறத்தில், அரைத் தீப்பெட்டி அளவில் கறுப்பாக ஒரு பெட்டி ஒட்டியிருக்கிறது. பவர் மீட்டர் என்பார்கள். மிதிக்கிற கால் எவ்வளவு பலம் கொடுக்கிறது என்பதை வாட்ஸில் அளந்து, முன்னால் இருக்கும் சின்னத் திரைக்கு அனுப்பும். அதன் விளிம்பில் அத்தானின் வியர்வை உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடக்கிறது. துடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் நினைப்பேன், துடைத்ததில்லை. இந்தச் சைக்கிள் எங்கும் போகாது. பின் சக்கரத்தை ட்ரெயினர் என்கிற இரும்புத் தாங்கி கவ்விப் பிடித்திருக்கிறது. எவ்வளவு மிதித்தாலும் இதே விறாந்தை, இதே சுவர், இரண்டு கூரைகளுக்கு நடுவே துறைமுகத்தின் இதே ஒரு துண்டு நீலம். களைத்துப்போன மனிதனுக்குப் பொருத்தமான வாகனம்தான். புறப்படவும் வேண்டாம், வந்து சேரவும் வேண்டாம்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். துறைமுகத்தில் இழுவைப் படகு வேலை. கப்பல் உள்ளே வரும்போது வடம் கொடுப்பது, வாங்குவது, தேவையானால் கப்பலின் பக்கத்தில் தொங்கும் கயிற்றேணியில் ஏறுவது. இருபத்தைந்து வருடம் கடலில் ஒரு கீறலும் படாதவருக்கு, ஒருநாள் மாலை கடற்கரை வீதியில் மோட்டார்சைக்கிளில் வரும்போது மான் ஒன்று குறுக்கே நடந்தது. வீதியிலேயே திரிகிற எங்கள் ஊர் மான்கள் வாகனத்துக்கு ஒதுங்குகிற சாதி அல்ல. அத்தான்தான் ஒதுங்கினார். வலது தொடை எலும்பு இரண்டாக முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த படகுக்காரர்கள் கட்டிலைச் சுற்றி நின்று, "சுறா விட்டு வைச்சதை மான் முடிச்சுப்போட்டுது" என்று சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தகடும் ஆணியும் வைத்துத் தைத்த டாக்டர், இனி வீதியில் சைக்கிள் ஓடவே கூடாது, இன்னொரு தரம் விழுந்தால் தகடு தாங்காது என்றுவிட்டார். ஞாயிறுதோறும் நிலாவெளிக்குச் சைக்கிளில் போய்க் கடலில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்த மனிதருக்குச் சொன்ன சொல் அது.

கனடாவில் இருக்கிற மகன்தான் ட்ரெயினரையும் பவர் மீட்டரையும் அனுப்பிவைத்தான். வீட்டுக்குள்ளேயே ஓடலாம், விழ ஏலாது. கம்பெனியில் அவருக்கு ஒரு தவணை கொடுத்திருந்தார்கள். குறித்த நாளில் கயிற்றேணியில் ஏறிக் காட்டினால் பழைய வேலை, இல்லாவிட்டால் வாசலில் அனுமதிச் சீட்டு எழுதும் அறையில் உட்கார ஒரு கதிரை. நூற்றைம்பது வாட்ஸை இருபது நிமிடம் விடாமல் பிடித்தால் கால் தேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம் என்று மகன் சொல்லியிருந்தான். அந்த எண் அத்தானுக்குக் கரைவிளக்குப் போல ஆயிற்று. மிதிக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். எண்ணை வாசித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கந்தோர் வேலைக்குப் போக முன்னர் ஒரு மணித்தியாலம் அவர் வீட்டில், அந்த ஆள் நான்.

தொடங்க முன்னர் இடது பெடலை நேர்கீழாக நிறுத்தி, காலை எடுத்துவிட்டு, கருவியைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு அந்த அரை நிமிடத்துக்குப் பொறுமை இராது. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். "முதல்ல தளர விடோணும், மச்சான். இழுபட்டுக்கொண்டிருக்கிற வடத்தை அளக்க ஏலாது" என்பார். பிறகு மிதி. காற்றாடி முகத்துக்கு நேரே சுற்றும், கீழே விரித்த பழைய பாயில் வியர்வை சொட்டும்.

"எவ்வளவு?"

"நூற்றி முப்பது."

"முந்தநாளும் நூற்றி முப்பதுதானே. உன்ர கவிதை மாதிரி நிண்ட இடத்திலயே நிக்குது."

குசினியிலிருந்து அக்காவின் குரல் வரும். "எங்க இப்ப? நிலாவெளி தாண்டியாச்சோ?"

"சாம்பல்தீவுப் பாலத்தில நிக்கிறம்" என்பார் அத்தான், மூச்சு வாங்க.

"அப்ப வரேக்க மீன் வாங்கிக்கொண்டு வாங்கோ."

உண்மையில் எங்களிடம் இரண்டு எண்கள் இருந்தன. பவர் மீட்டர் சொல்வது ஒன்று, ட்ரெயினர் தானாகச் சொல்வது இன்னொன்று. ட்ரெயினரின் எண் எப்போதும் நாற்பது, நாற்பத்தைந்து குறைவாக நின்றது. யாரை நம்புவது என்று நாங்கள் முடிவெடுத்த விதம் இந்த ஊருக்கே உரியது. கரண்ட் போனால் ட்ரெயினரின் எண் அணைந்துவிடும், சக்கரத்தில் ஒரே அளவான இறுக்கம் மட்டும் மிஞ்சும். பவர் மீட்டரோ மணிக்கூட்டுப் பற்றரியில் ஓடுவது. வீடே இருண்டாலும் அது எண்ணிக்கொண்டிருக்கும். "கரண்ட் போனா ஓடி ஒளிக்கிறவனை நம்பேலாது" என்று அத்தான் தீர்ப்புச் சொன்னார். ட்ரெயினரின் எண்ணை நான் வாசிப்பதையே விட்டுவிட்டேன்.

தரை சற்றுச் சரிவு என்பதால் ட்ரெயினரின் ஒரு காலுக்குக் கீழே, பவர் மீட்டரோடு வந்த விளக்கப் புத்தகத்தை மடித்து முண்டு கொடுத்திருந்தோம். வந்த நாளே அதை அங்கே வைத்ததால் ஒருவரும் வாசித்ததில்லை. ஒரு சனிக்கிழமை, அத்தான் குளிக்கப் போன நேரம், பாயைக் கழுவப் போடுவதற்காகத் தாங்கியை நகர்த்தினேன். வியர்வையில் ஊறிப் பழுத்திருந்த புத்தகத்தைக் கையில் எடுத்தேன். எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் வைக்கத் தெரியாத வியாதி எனக்கு. சின்ன எழுத்தில் ஒரு வரி: இந்தக் கருவி இடது காலின் பலத்தை மட்டுமே அளக்கும், அதை இரண்டால் பெருக்கி மொத்தமாகக் காட்டும்.

கழுவாத பாயில் அப்படியே குந்தி இருந்துவிட்டேன். அதுவரை எண் ஏறியதெல்லாம் இடது கால் ஏறியது. முறிந்த கால் பெடலோடு சேர்ந்து ஏறக்குறையச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது, சுகமான கால் அதற்கும் சேர்த்துச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. கரண்டோடு ஓடி ஒளித்த ட்ரெயினர்தான் உண்மை பேசியது.

அன்று காலையில்தான் அத்தான் முதன்முறையாக நூற்றைம்பதை இருபது நிமிடம் பிடித்திருந்தார். குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார். குசினியில் அக்கா பால் காய்ச்சிக்கொண்டே அந்தப் பாட்டைப் பகிடி பண்ணிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மாதக்கணக்காக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. ஏணிச் சோதனைக்கு இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இருந்தது. நம்பிக்கையும் ஒரு தசைதான், அது வலது காலைத் தூக்கிவிடும் என்று எனக்கு நானே ஒரு அழகான வசனம் சொல்லிக்கொண்டேன். வசனம் எழுதுகிறவனுக்குத் தன்னை ஏமாற்ற அதிக நேரம் பிடிக்காது. புத்தகத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து, ட்ரெயினரின் காலுக்குக் கீழே திருப்பி வைத்தேன். திங்கட்கிழமை "எவ்வளவு?" என்று கேட்டார். "நூற்றி ஐம்பத்திரண்டு" என்றேன். திரையில் அப்படித்தான் இருந்தது. இல்லாத ஒரு எண்ணை நான் ஒருநாளும் வாசிக்கவில்லை. என் பக்கத்தில் சொல்லக் கிடைத்தது அவ்வளவுதான்.

சோதனை நாளில் நான்தான் அவரை ஏற்றிக்கொண்டு போனேன். இறங்குதுறையின் ஓரத்தில், சுவரோடு கயிற்றேணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். இடது காலால் முதல் படியில் ஏறினார். அடுத்த படிக்கு உடம்பு முழுவதையும் வலது கால் தாங்க வேண்டும். கையின் பலத்தால் அந்தப் படியைக் கடந்தார். இன்னொன்றையும் கடந்தார். ஐந்தாவது படியில் வலது முழங்கால் நடுங்கத் தொடங்கியது. ஏணியும் அதோடு நடுங்கியது. அத்தான் சற்று நேரம் கைகளில் தொங்கியபடி, மேலே பார்க்காமல், முகத்துக்கு நேரே இருந்த கொங்கிரீட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு ஒவ்வொரு படியாகத் தானே இறங்கி வந்தார். அதிகாரி நல்ல மனிதர். "கதிரை காத்து வாற பக்கமாத்தான் இருக்கு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சைக்கிளுக்கு முன்னால் போய் நின்றார். "நூற்றைம்பது, என்ன?" என்று அதைப் பார்த்துக் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். கருவி பழுதோ, தானே பழுதோ என்று தெரியாதவர் கேட்கிற கேள்வியாக இருந்தது அது. குனிந்து புத்தகத்தை உருவி எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். விரலை வைத்து மெதுவாக வாசித்தார்.

"எப்ப வாசிச்சனீ?"

"ஆறு கிழமை இருக்கும், அத்தான்."

புத்தகத்தை மூடினார். "ஆறு கிழமை போதும், மச்சான்" என்றார். "ஒரு காலுக்கு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் ஒருநாளும் எடுக்கவில்லை. பிந்தி ஒருநாள், ஆஸ்பத்திரியில் அவர் காலுக்குப் பயிற்சி கொடுத்த பெண்ணிடம் ஆறு கிழமையில் வலது காலைத் தேற்றியிருக்கலாமா என்று கேட்டேன். "சொல்ல ஏலாது" என்றாள். ஏலும் என்றோ ஏலாது என்றோ சொல்லியிருந்தால் எதையாவது பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பேன்.

ஒரு கிழமை கழித்து விடியற்காலையில் அத்தானின் தொலைபேசி அழைப்பு வந்தது. "வரேல்லையோ? எண் வாசிக்க ஆளில்லை." போனேன். இடது காலைப் பெடலிலிருந்து கழற்றி, பக்கத்தில் போட்ட முக்காலியில் தூக்கி வைத்திருந்தார். வலது காலால் மட்டும் மிதித்தார். சுற்று முழுதாக வராமல் பெடல் மேலே வந்து தயங்கித் தயங்கி விழுந்தது. "ட்ரெயினரை வாசி" என்றார். வாசித்தேன். பதினெட்டு. பதினாறு. இருபது. கரண்ட் போனால் நிறுத்திவிட்டு, வரும்வரை இருட்டில் காத்திருப்போம். அனுமதிச் சீட்டு அறையின் கதிரையில் மூன்று வருடம் இருந்தார். அந்த மூன்று வருடமும் காலையில் இது நடந்தது. எந்த ஏணிக்காகவும் அல்ல. போன வருடம் ஒரு காய்ச்சல், நாலு நாள், அவரைக் கொண்டுபோயிற்று.

"கொண்டு போ, தம்பி" என்று அக்கா சைக்கிளை என்னிடம் தள்ளிவிட்டாள். "உந்த ஒரு இடமும் போகாததை நான் பாத்துக்கொண்டு இருக்கேலாது." ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே என் வீட்டுக்கு வருகிறாள். நான் மிதிக்கிற நேரம் பார்த்துத்தான் வருகிறாள்.

இன்றைக்கும் வந்தாள். இடது பெடலை நேர்கீழாக நிறுத்தி, அரை நிமிடம் காத்திருந்து, தொடங்கினேன். வெளியே ஏதோ ஒரு கப்பல் ஊதியது. குசினியிலிருந்து, "எவ்வளவு, தம்பி?" என்று கேட்டாள். எனக்கு இரண்டு காலும் ஒரே மாதிரித்தான், பெருக்கினாலும் பிழை வராது. திரையில் நூற்றி இருபது என்று நின்றது. ஒரு காலின் பங்கை மட்டும் சொன்னேன்.

"அறுபது, அக்கா."

கரண்டி கோப்பையில் படும் ஒலி கேட்டது.

"அவர் கடைசியா வலது காலால ஐம்பத்திரண்டு வரைக்கும் வந்தவர், என்ன?"

"ஓம். ஐம்பத்திரண்டு."

உப்புப் படிந்த கறுப்புப் பெட்டி முழங்காலுக்குக் கீழே வந்தது, போனது. நான் இடது காலைக் கழற்றி அத்தானின் முக்காலியில் தூக்கி வைத்தேன்.