அம்மா போனிலிருந்து ஒரு மிஸ்டு கால்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும், கரை வேட்டியோடு வந்து பின்வரிசையில் நிற்கும் தம்பிகளுக்கும் தங்கையின் வணக்கம். அமைதியாக எழுத வேண்டிய கட்டுரைதான். எனக்கு அமைதி இல்லையே, என்ன செய்வது! வருகிற ஞாயிற்றுக்கிழமை இளைஞரணி மாநாட்டுக்கு வேன் கிளம்புகிறது. என் மகன் அருண் அதில் போகிறான். போனவர்கள் எல்லாரும் திரும்பினார்களா என்று பார்க்க இந்த முறை அண்ணன் இல்லை.

அண்ணன் பிறந்து வளர்ந்தது கிழக்குத் தாம்பரத்தில். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா சீக்கிரமே காலமானார். அண்ணன் கல்லூரியைப் பாதியில் நிறுத்தி, சேலையூரில் ஜெராக்ஸ் கடை போட்டு, என்னை பி.எட். வரை படிக்க வைத்தார். இன்று நான் பல்லாவரத்தில் ஆசிரியையாக இருக்கிறேன் என்றால் அது அவர் நாள் முழுக்க அந்த மெஷின் முன்னால் நின்ற நிற்புதான்.

கடை போட்ட வருடமே இளைஞரணியில் சேர்ந்தார். கொடி கட்டினார், சுவரில் சின்னம் வரைந்தார், வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினார். ஜெயித்தவர்கள் காரில் போய்விடுவார்கள். கட்டிய கொடிகளை மறுநாள் அண்ணன்தான் அவிழ்த்துக்கொண்டிருப்பார். பல வருடம் கழித்து வட்ட அமைப்பாளர் ஆனார். வயது வரம்பு நெருங்க நெருங்க தலைக்கு டை அடிக்க ஆரம்பித்ததை நாங்கள் கேலி செய்யாத நாள் இல்லை. "இளைஞரணின்னா எளைஞனா தெரிய வாணாமா?" என்று அவரும் சிரிப்பார்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. வேனில் ஏறுகிற ஒவ்வொருவனும் வீடு திரும்பியதும் அவருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். முதலில் அவனவன் போனிலிருந்துதான் கொடுத்தார்கள். ஒருமுறை ஒரு பையன் அப்படி மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல் நண்பனின் பைக்கில் நாவலூர் பக்கம் சுற்றப் போய், விழுந்து காலை முறித்துக்கொண்டான். எல்லாரும் வீடு சேர்ந்துவிட்டார்கள் என்று அண்ணன் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பையனின் தாய் மறுநாள் கடை வாசலில் நின்று, "உன்ன நம்பித்தானேப்பா அனுப்பிச்சேன்" என்று அழுதார்.

அன்றோடு விதி மாறியது. "உன் போன்லேருந்து வாணாம். வூட்டுக்குப் போயி அம்மா போன்லேருந்து குடு" என்றார். விக்கி அம்மா, தினேஷ் அம்மா, சதீஷ் அம்மா என்று எல்லா எண்களையும் தன் போனில் ஏற்றி வைத்தார்.

பகுதிப் பொறுப்புக்கு அவர் பெயர் அடிபட்டது. மாநாடு முடிந்த கையோடு பக்கத்து மண்டபத்தில் நேர்காணல். அன்று பார்த்து ஒரு பையனைக் காணோம். மண்டபத்தில் அண்ணன் பெயரைக் கூப்பிட்டபோது, அண்ணன் வண்டிகளுக்கு நடுவே அவனைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த மகராசன் வேறு ஊர் வேனில் ஏறிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தானாம்! பொறுப்பு, கொடிக்கம்பத்தைத் தொட்டே அறியாத ஒரு பெரிய வீட்டுப் பிள்ளைக்குப் போனது. எனக்கு வயிறு எரிந்தது. "உனக்குப் பொழைக்கவே தெரியலண்ணா!" என்று கத்தினேன்.

"போஸ்டிங் போனா போவுது. அவன் அம்மாவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்றார்.

பிறகு என் மகனே இளைஞரணியில் சேர்ந்தான். நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அண்ணன் தன் போனில் 'பாப்பா' என்று இருந்த என் எண்ணை 'அருண் அம்மா' என்று மாற்றினார். "ஏண்ணா, நான் உன் தங்கச்சி இல்லியா?" என்றேன். "உன் புள்ள வேன்ல ஏறிட்டான் இல்ல? நீயும் க்யூல நில்லு" என்றார்.

சர்க்கரையும் இதயமும் சேர்ந்து அவரைக் குரோம்பேட்டையில் ஒரு மருத்துவமனையில் படுக்க வைத்தன. அன்று காலை பேரணிக்குப் பையன்கள் போயிருந்தார்கள். மாலை பார்வை நேரத்தில் நான் போனபோது நெஞ்சின் மேல் போனை வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

"பாப்பா, இருபத்திரண்டு வந்துடுச்சு. உன்னுது மட்டும் வரல."

"அருண் வந்துட்டாண்ணா. நான்தான் மறந்துட்டேன்."

பொய். அருண் வரவில்லை. அவன் போனும் அணைந்திருந்தது.

"அப்போ இப்போ குடு."

கைப்பையில்தான் போன் இருந்தது. ஆனாலும் அவர் விதியை அவர் கண் முன்னாலேயே பொய்யாக்க எனக்குக் கை வரவில்லை. "போனை வீட்லயே வச்சுட்டேண்ணா" என்றேன். என் கைப்பையைப் பார்த்தார். "சரி" என்றார்.

காட்டாங்குளத்தூரில் நண்பன் அறையில் தங்கிவிட்டு அருண் மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து சேர்ந்தான். அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, அண்ணனுக்கு மிஸ்டு கால் கொடுக்கப் போனை எடுத்தேன். அதற்குள் அண்ணியின் அழைப்பு வந்துவிட்டது.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பாடை சுமந்த தம்பிகளுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டு வாசலுக்கு டீ கொண்டுவந்து கொடுத்த கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன்பட்டிருக்கிறது. அண்ணனின் எண் உயிரோடு இருக்க வேண்டும் என்று மாதாமாதம் ரீசார்ஜ் செய்துவரும் அண்ணிக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

புதிய அமைப்பாளர் தம்பியிடம் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாசலில் நீங்கள் வைத்திருக்கும் பேனரில் உங்கள் படத்துக்குக் கீழே இருபது பையன்களின் முகம் இருக்கிறது. அந்த இருபது பேரின் அம்மா நம்பர் உங்களிடம் இருக்கிறதா?

இருபது வயதுப் பிள்ளையைக் கட்டியா போட முடியும்? ஞாயிற்றுக்கிழமை அருண் போவான். அவன் திரும்பி வந்து, வாசலில் செருப்பைக் கழற்றியதை என் கண்ணால் பார்த்த பிறகு, அண்ணனின் எண்ணுக்கு நான் மிஸ்டு கால் கொடுப்பேன். அண்ணி, தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். அடித்து ஓயட்டும். அண்ணனுக்கு வராமல் போனது அந்த ஒன்றுதான்.

கண்ணீருடன்,
அருண் அம்மா