ஒருநாள் சயின்ஸ் சார்

மகளைக் கூப்பிடப் போனபோது பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாடையில் என் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. அப்போதும் இன்ஸ்பெக்‌ஷனுக்காக இப்படித்தான் அடித்தார்கள்.

ஆறு மாதமாக எங்களுக்கு அறிவியல் ஆசிரியர் இல்லை. இன்ஸ்பெக்‌ஷன் அன்று காலையில் சயின்ஸ் சார் என்று ஒருவர் வந்தார். லென்ஸை வெயிலில் பிடித்து, கரிசல்காட்டுப் பருத்தியைப் புகைய வைத்தார்.

"எல்லாப் பாடத்துக்கும் சார் இருக்காங்களா?" என்று அதிகாரி கேட்டார். "இருக்காங்க" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

மறுநாள் அவரைக் காணோம். தலைமையாசிரியையிடம் கேட்டேன். "ஏட்டி, அவிய கோவில்பட்டி ஸ்கூல்ல வேலை பாக்காவ. நேத்து ஒருநாளைக்குத்தான் கூப்பிட்டிருந்தோம்" என்றார்.

சயின்ஸ் சார் இருக்கிறார் என்று எழுதிக்கொண்டு போன அதிகாரி வேறு யாரையும் அனுப்பவில்லை. அறிவியலில் நான் ஃபெயில். என் வாயாலேயே பொய் சொல்ல வைத்துவிட்டார்கள்.

"நாளைக்கு ஆபீசர் வாராராம். கணக்கு டீச்சர் இருக்காங்கன்னு சொல்லச் சொல்லுதாங்கம்மா" என்றாள், வகுப்பிலிருந்து வெளியே வந்த மகள்.

"இல்லைன்னு சொல்லுட்டி. நானும் கூட வாரேன்" என்றேன்.