ஏழாம் அடிக்குறிப்பு

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் அந்தப் பெண்ணுக்கு வீட்டில் வழங்கிய பெயர் ஆதாரக்கா. வைத்தவன் தம்பி. எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்கிற வியாதி அவளுக்கு. "மழை வரும் போலிருக்கு, துணியை எடுடி" என்று அம்மா சொன்னால், "யார் சொன்னா?" என்பாள். "வானம் சொல்லுது, வந்து பாரு!" என்று அம்மா கத்துவாள். அதற்குள் பாதித் துணி நனைந்திருக்கும்.

அந்த வியாதி தொற்றிய இடம், இணையத்தில் ஊர் கூடி எழுதும் ஒரு கலைக்களஞ்சியம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் ஏற்கெனவே அச்சில் வந்த ஏதோ ஒன்று முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டும். புத்தகமென்றால் ஆசிரியர், பதிப்பு, பக்கம். செய்தித்தாளென்றால் தலைப்பு, தேதி. இணையப் பக்கமென்றால் அதைப் பார்த்த நாள்கூட வேண்டும். எல்லாம் கட்டுரைக்கடியில் எண் போட்டு அடிக்குறிப்பாக வரிசையாக நிற்கும். வெறும் இணைப்பை ஒட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாசலில் செருப்பைத் தாறுமாறாகக் கழற்றிப் போட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய் அடுக்கி வைக்கிற மாதிரி, முகம் தெரியாத யார் யாருடைய கட்டுரைகளுக்கோ அடிக்குறிப்பு ஒழுங்கு செய்துகொண்டிருப்பாள். சம்பளம் கிடையாது, நன்றி கிடையாது. பைத்தியம் என்று சொல்லலாம். ஆனால் அவளளவுக்கு நேர்மையான பைத்தியத்தை நான் பார்த்ததில்லை.

மலைக்குப் போகும் ரோப் காரில் தம்பிக்கு ஆப்பரேட்டர் வேலை கிடைத்தபோது, அவள் செய்த முதல் காரியம் அந்த ரோப் காரைப் பற்றி ஒரு கட்டுரை தொடங்கியதுதான். வேறு அக்காள் என்றால் சட்டை எடுத்துக் கொடுத்திருப்பாள். தம்பிக்கும் பெருமை தாங்கவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு தகவல் கொண்டுவருவான்.

"கம்பி எவ்ளோ தடிமன் தெரியுமாக்கா? என் கட்டைவிரலைவிடப் பெருசு. போடு, போடு."

"எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"நானே தொட்டுப் பார்த்தேன்! இதோ இந்தக் கையால!"

"உன் கையை அடிக்குறிப்புல போட முடியாதுடா."

இதற்கு அவன் ஒவ்வொரு தடவையும் விழுந்து விழுந்து சிரிப்பான். அப்படியே தட்டிக் கழித்து, தேடி, கிடைத்ததை மட்டும் வைத்து அவள் எழுதிய கட்டுரையில் ஆறு அடிக்குறிப்புகள் இருந்தன. ஆறும் கல்லில் வெட்டிய மாதிரி.

ஒரு நாள் சாப்பிடும்போது அவன் சிரிக்காமல் சொன்னான். "பிரேக் சரியாப் பிடிக்கலக்கா. இறங்கறப்ப வழுக்கிட்டுப் போகுது. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். பார்க்கலாம்னாரு."

"எழுதிக் குடுத்தியா?"

"வாயாலதான் சொன்னேன்."

"அப்ப நீ சொன்னதுக்கு என்னடா ஆதாரம்?"

அவனும் சிரித்துவிட்டான். அம்மா இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

அந்த மழைக்காலம் முடிவதற்குள் இறங்கி வந்துகொண்டிருந்த பெட்டி ஒன்று நிற்காமல், வந்த வேகத்தில் கீழ் நிலையத்தின் மேடையில் மோதியது. ஒருவர் இறந்தார். பலருக்குக் கை கால் முறிந்தது. தம்பிக்கு உள்ளங்கைத் தோல் இரண்டும் உரிந்துவிட்டது. கட்டுப்பாட்டு அறையில், கையால் சுற்றுகிற அவசரப் பிரேக்கின் இரும்புச் சக்கரத்தைப் பிடித்து அவன் சுற்றியிருக்கிறான். சக்கரம் சுற்றியதே தவிர, கம்பி நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் கட்டோடு உட்கார்ந்து, "சுத்தினேன்க்கா, சுத்தினேன்க்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் அவள் கட்டுரையைத் திறந்தபோது, கடைசியில் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள். "விபத்தின்போது ஆப்பரேட்டர் சற்றே கண்ணயர்ந்திருந்ததாகக் கூறப்படுகிறது." எழுதியவருக்குப் பெயரில்லை. யார் கூறினார்கள் என்பதும் இல்லை.

அந்த நிமிஷமே அவள் அழித்திருக்கலாம். நீங்களும் நானும் அழித்திருப்போம். ஆனால் அங்கே ஒரு விதி உண்டு: தன் குடும்பத்தைப் பற்றிய வரியில் கை வைக்கக் கூடாது. அந்த விதியை மற்றவர்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவளே அவள்தான். அதனால் விதி அனுமதித்த ஒன்றை மட்டும் செய்தாள். வரியின் ஓரத்தில் "சான்று தேவை" என்று ஒரு குறி போட்டாள். இல்லாத சான்றை எவன் கொண்டுவரப் போகிறான், கொஞ்ச நாளில் வேறு யாராவது வரியைத் தூக்கிவிடுவார்கள் என்று நம்பினாள். நம்பிக் காத்திருந்தாள், அதுதான் அவள் செய்த தப்பு.

அந்த வாரமே ஒரு செய்தித்தாளில் விபத்தைப் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்தது. அதில், "விபத்தின்போது ஆப்பரேட்டர் சற்றே கண்ணயர்ந்திருந்ததாகக் கூறப்படுகிறது." எழுத்துக்கு எழுத்து அதே வரி. "சான்று தேவை" என்ற குறி மட்டும் அச்சேறவில்லை. மறுநாள் கலைக்களஞ்சியத்தில் மலைக்காகம் என்ற புனைபெயரில் எழுதும் ஒருவர் வந்து அவள் போட்ட குறியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் செய்தித்தாளின் பெயரையும் தேதியையும் அழகாக அடிக்குறிப்பாகப் போட்டுவிட்டுப் போனார். ஏழாம் அடிக்குறிப்பு. ஒரு புள்ளிகூடப் பிசகாத வடிவம். அவளே போட்டிருந்தாலும் அதைவிட ஒழுங்காகப் போட்டிருக்க மாட்டாள்.

திருத்துகிறவர்கள் தங்களுக்குள் வாதாடும், கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் அவள் எழுதினாள். இந்த வரியை இங்கிருந்து எடுத்துத்தான் பத்திரிகை போட்டது, அதையே இப்போது இதற்குச் சான்றாக வைத்திருக்கிறோம், நம் நிழலை நாமே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கிறோம் என்று எழுதினாள். எழுதியதோடு விட்டாளா? கடைசியில், "நான் அந்த ஆப்பரேட்டரின் அக்கா என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்" என்று சேர்த்தாள். யாரும் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னாள். அதற்கப்புறம் அவள் எழுதிய எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "தங்கள் வருத்தம் புரிகிறது. நடுநிலையான ஒருவர் பார்க்கும்வரை வரி இருக்கட்டும்" என்று மலைக்காகம் மரியாதையாகப் பதில் எழுதினார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கடையில் வேலை தடுமாறியது. ஒரு பெரியவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டாள். அவர் படியிறங்கும்போது தடுக்கி விழப் பார்த்தார். முதலாளி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இங்க பாரும்மா, உன் கஷ்டம் தெரியுது. ஆனா ஜனங்க கண்ணோட விளையாடாத" என்றார். அவள் தலையாட்டினாள்.

செய்தித்தாள் அலுவலகத்துக்குப் போனாள். அந்த நிருபர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"தூங்கினான்னு உங்ககிட்ட யார் சார் சொன்னா?"

"எல்லாரும் பேசிக்கிட்டாங்கம்மா."

"எல்லாரும்னா? ஒருத்தர் பேர் சொல்லுங்க."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "நெட்ல இருந்துச்சும்மா."

"அதை எழுதிக் குடுங்க சார். நெட்ல பார்த்துப் போட்டேன்னு ஒரே ஒரு வரி. என் தம்பிக்கு லைசென்ஸ் போயிடும் சார். இதைத் தவிர அவனுக்கு வேற வேலை தெரியாது. வெளிய தலை காட்ட மாட்டேங்கறான்."

"எழுதிக் குடுத்தா என் வேலை போயிடும்மா" என்றார் நிருபர். பொய் சொல்லவில்லை. அவளும் எழுந்து வந்துவிட்டாள்.

பிறகு விபத்தைப் பற்றிய அரசு விசாரணை. பக்க வரலாறு முழுவதையும் அச்செடுத்து, முக்கியமான இடங்களில் கோடு போட்டு எடுத்துப் போனாள். கலைக்களஞ்சியத்தில் யார் எந்த நாளில் எந்த வரியைச் சேர்த்தார்கள் என்பதெல்லாம் அழியாமல் இருக்கும். வரி முதலில் வந்தது, பத்திரிகை பின்னால் வந்தது. பச்சைக் குழந்தைக்கும் புரியும். விசாரணை அதிகாரி பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த 'சான்று தேவை' போட்டது யாரு?"

"நான்தான் சார்."

"பொய்னு உறுதியாத் தெரிஞ்சிருந்தா அழிச்சிருப்பீங்களே. சான்று தேவைன்னா, உங்களுக்கே ஒரு சந்தேகம் இருந்திருக்குன்னுதானே அர்த்தம்?"

விதியை எப்படி விளக்குவது? "அவன் கையைப் பாருங்க சார். பிரேக் சக்கரத்தைச் சுத்திச் சுத்தித் தோல் உரிஞ்சிருக்கு" என்றாள்.

"முழிச்சதுக்கு அப்புறம் சுத்தியிருக்கலாம் இல்லையா?"

"பிரேக் கெட்டுப்போச்சுன்னு முன்னாடியே சொன்னான் சார். சூப்பர்வைசர்கிட்ட சொன்னதா எங்கிட்டயும் சொன்னான்."

"சூப்பர்வைசர் அப்படி யாரும் சொல்லலங்கறாரே. எழுத்துல ஏதாவது இருக்கா?"

கேட்டவர் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. அவள் வாழ்நாளெல்லாம் கேட்ட கேள்விதானே அது.

நடுவில் ஒரு நல்ல நாளும் வந்தது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. உரையாடல் பக்கத்தில் யாரோ நடுநிலையாளர் ஒருவர் உட்கார்ந்து வரலாற்றையும் பத்திரிகையையும் ஒப்பிட்டுப் பார்த்து, "அந்த அம்மா சொல்வது சரி. இது வட்டமடிக்கும் சான்று. செல்லாது" என்று எழுதினார். மலைக்காகம் மறுபேச்சில்லாமல் வரியையும் ஏழாம் அடிக்குறிப்பையும் நீக்கினார். தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டார். அவள் கடையிலிருந்து ஓடி வந்து, தம்பியின் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். "பாருடா, போயிடுச்சு!" அவன் நெடுநேரம் பார்த்தான். அன்றைக்குத்தான் பல வாரங்களுக்கப்புறம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "கொஞ்சம் மெதுவாத் தின்னுடா" என்றாள்.

பாழாய்ப்போன அறிக்கை அதற்கடுத்துத்தான் வந்தது. அரசு முத்திரை போட்ட விசாரணை அறிக்கை. ஆப்பரேட்டர் கண்ணயர்ந்ததே காரணமாக இருக்கக்கூடும், உரிமத்தை ரத்து செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது. அவள் நேரே அடிக்குறிப்புக்குப் போனாள். பழக்கதோஷம். அங்கே இருந்தது அந்தச் செய்தித்தாளின் பெயரும் தேதியும்தான். அறிக்கைக்குப் பின்னால் பத்திரிகை, பத்திரிகைக்குப் பின்னால் பேரில்லாத ஒருவர், அவருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

சாயங்காலத்துக்குள் வரி கட்டுரைக்குத் திரும்பி வந்துவிட்டது. "கூறப்படுகிறது" என்ற சொல்கூட இப்போது இல்லை. ஏழாம் அடிக்குறிப்பில் அறிக்கையின் பெயர், வெளியிட்ட துறை, பக்க எண். "வருந்துகிறேன். இப்போது சான்று வலுவானது" என்று மலைக்காகம் அவளுக்குத் தனியாக எழுதியிருந்தார். அறிக்கையின் அடிக்குறிப்பே பழைய பத்திரிகைதான் என்று அவள் உரையாடல் பக்கத்தில் முட்டி மோதிப் பார்த்தாள். போன தடவை அவள் பக்கம் பேசிய நடுநிலையாளரே வந்து பதில் சொன்னார்: "அறிக்கையை எடைபோடுவது நம் வேலை அல்ல. சொந்த ஆராய்ச்சிக்கு இங்கே இடமில்லை." அந்த வாக்கியத்தை அவள் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாள். சரியான விதி என்று இப்போதும் அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டரை மூடிவிட்டு வாய்விட்டு அழுதாள். அம்மா என்ன ஏது என்று கேட்கவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

தம்பி அவன் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். போன் கையில் இருந்தது. கட்டுரையைப் படித்துவிட்டான் என்பது பார்த்ததுமே தெரிந்தது. அவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

"அக்கா, நான் தூங்கிட்டேனா?"

"என்னடா பேசற? நீதானே சக்கரத்தைச் சுத்தின!"

"சுத்தினேன். அதுக்கு முன்னாடி?"

"முழிச்சுக்கிட்டுதான்டா இருந்த!"

"தூங்கறவனுக்குத் தான் தூங்கறது தெரியாதேக்கா. பேப்பர்ல போட்டிருக்காங்க. அரசாங்கத்துல சொல்லிட்டாங்க. நீ எழுதின கட்டுரையிலயே இருக்கு. நான் ஒருத்தன் மட்டும் இல்ல இல்லன்னு சொல்லிட்டிருக்கேன்." அவன் குரலில் கோபமில்லை, குத்தலும் இல்லை. நிஜமாகவே கேட்டான். "ஒருவேளை தூங்கிட்டேனோ என்னவோ. அந்த மனுஷன் செத்தது என்னாலதானோ?"

"இல்லடா. சத்தியமா இல்ல. நீ தூங்கல."

"ஆதாரம் இருக்காக்கா?"

அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில் புதுத்தோல் இன்னும் சிவப்பாக, பளபளவென்று இருந்தது. அதை அவன் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். "இதோ இருக்கேடா! இதைவிட என்னடா வேணும்?"

தம்பி தன் கையை வேறு யாருடைய கையோ போலப் பார்த்தான். பிறகு மெல்ல விடுவித்துக்கொண்டான்.

"இதை அடிக்குறிப்புல போட முடியாதேக்கா" என்றான்.