மருந்து நனைந்த பலகைமேல் ஊர்ந்தவை

என் பெரியம்மாவின் கடைசி மகன் எனக்குத் தம்பி முறை. மூட்டைப்பூச்சிக்கு மருந்தடிப்பது அவனுக்கு இருபத்தாறு வருடத் தொழில். விடுதி, ஆஸ்பத்திரி, சினிமா கொட்டகை என்று அவன் குழாய் நுழையாத இடுக்கு கிடையாது. சொந்தபந்தத்தில் அவனுக்கு எமன் என்றே பெயர். கல்யாண வீட்டில்கூட, “எமன் வந்தாச்சா, பந்தி போடலாமா” என்பார்கள். அவனும் சிரித்துக்கொள்வான்.

அவனுக்கு ஒரே மகள். கல்யாணமாகி ஒன்பதாம் வருடம் அவளுக்குப் பிள்ளை பிறந்தது. பார்க்கக் கிளம்பியவனை அவள் போனில் நிறுத்தினாள்.

“தப்பா எடுத்துக்காதீங்கப்பா. போன தடவை நீங்க வந்துட்டுப் போனதும் மெத்தையெல்லாம் பூச்சி. முதல்ல உங்க வீட்டச் சுத்தம் பண்ணிட்டு வாங்க.”

அவள் சொன்னது உண்மைதான். போன இடமெல்லாம் அவன் பையிலும் சட்டை மடிப்பிலும் தொற்றிக்கொண்டவை அவன் கட்டிலிலேயே குடித்தனம் போட்டிருந்தன. மூன்று முறை அடித்தான். மருந்து நனைந்த பலகைமேலேயே அவை ஊர்ந்தன.

“மருந்துல கலப்படம்க்கா” என்று புலம்பினான். நானும் நம்பினேன்.

அவன் விடுதிக்கு மருந்தடிக்கும் கல்லூரியில் பூச்சிகளைப் பற்றிப் பாடம் நடத்தும் ஓர் அம்மா இருந்தாள். நியாயம் கேட்க மருந்துப் புட்டியோடும், கட்டிலில் பிடித்த பூச்சிகளோடும் போனோம். அவள் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களில் அதே மருந்து தடவிய காகிதத்தை விரித்தாள். ஒன்றில், மருந்தே காட்டாமல் அவள் பல வருடமாக வளர்த்த பூச்சிகள் இருபது. மற்றதில் இவன் கட்டில் பூச்சிகள் இருபது. மறுநாள் போனால், அவளுடையவை அத்தனையும் மல்லாந்து கிடந்தன. இவனுடையவற்றில் பதினேழு நடமாடிக்கொண்டிருந்தன.

“மருந்து நல்ல மருந்துதாங்க” என்றாள்.

“அப்ப என் வீட்டுப் பூச்சி மருந்துக்குப் பழகிடுச்சா?”

“பழகலீங்க. பிறக்கும்போதே கூட்டத்துல ஒண்ணு ரெண்டு வேற மாதிரி இருக்கும். தோல் கொஞ்சம் தடிப்பா இருக்கும், இல்ல உடம்பு விஷத்த முறிக்கும். மத்ததையெல்லாம் நீங்க கொன்னீங்க. மிஞ்சினது முட்டை வச்சுது, குஞ்சுக்கும் அதே உடம்பு. திரும்பவும் அடிச்சீங்க, திரும்பவும் மிஞ்சினதே பெருகுச்சு. பெரிய உயிருங்களும் இப்படித்தான் மாறி வந்திருக்கு, அதுக்கு ரொம்பக் காலம் ஆகும். இதுங்களுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தலைமுறை. அதான் உங்க கண் முன்னாலயே நடந்திருக்கு.”

எங்கள் தாத்தாவின் கோணல் பல் என் பேத்திவரை இறங்கியதை நான் அறிவேன். பூச்சிக்கும் வம்சம் உண்டு என்று நினைத்ததில்லை.

“இருபத்தாறு வருஷமா நல்ல இடமா பாத்து இதுங்களுக்குச் சம்பந்தம் பேசி வச்சிருக்கேன்க்கா” என்றான் தம்பி. யாரும் சிரிக்கவில்லை.

நல்ல சூடு காட்டினால் இவையும் தப்பாது என்றாள் அந்த அம்மா. கட்டிலை எரித்தான், துணிமணிகளை வேகவைத்தான். ஒரு மாதம் கழித்து என்னோடு மகள் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே குளித்து, மாப்பிள்ளை கொடுத்த வேட்டியைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கினான். கால் மணி நேரம் அவனுக்கு வேறு உலகமே இல்லை.

அப்புறம் பிள்ளையின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு தடிப்பு தெரிந்தது. மகள் பார்த்துவிட்டாள்.

“கொசுவா இருக்கும் மாமா” என்றார் மாப்பிள்ளை.

மகள் பிள்ளையை வாங்கி, அதன் சட்டையைக் கழற்றித் தையல் தையலாகத் தடவிப் பார்த்தாள். எதுவும் அகப்படவில்லை. தம்பி எழுந்து கிளம்பிவிட்டான்.

பிள்ளை இப்போது நடக்கிறதாம். இவனுக்கு வேறு தொழில் தெரியாது, இன்னும் மருந்தடிக்கத்தான் போகிறான். மகள் வா என்றும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.