ஒரு தட்டு என்றால் போ

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. இது என் உடம்பில் பட்டது. அதனால் எழுதுகிறேன்.

போன நவம்பரில், பிரிக்பீல்ட்ஸில் ஷாமினி என்ற பெண்ணின் வீட்டுச் சாமான்களைக் கிள்ளானுக்கு ஏற்றினோம். லோரி வேலாயுதத்துடையது. சுமை தூக்குகிறவன் நான். கடைசியாக வந்தது ஒரு பழைய மரப்பெட்டி. நாலு ஆள் கனம்.

"பாத்து அங்கிள். அப்பா பாண்டிச்சேரியில வாங்குனது. எரநூத்தம்பது வருசத்துக்கு முந்தி, ஒரு பிரெஞ்சு நேவி ஆபிசரோடது. பதினாலு வயசுல கப்பல் ஏறி, அட்மிரல் வரைக்கும் போனவரு."

"நம்ம பக்கிரியண்ணனும் பதினாலு வயசுலதான் லோரி ஏறுனாரு. இன்னும் எறங்கல லா," என்று என்னைக் காட்டிச் சிரித்தான் வேலாயுதம்.

நல்ல மழை. அந்தப் பிள்ளை முன்னால் ஏறிக்கொண்டது. பெட்டி சரியாமல் பிடித்துக்கொள்ள நான் பின்கூண்டுக்குள் உட்கார்ந்தேன். கதவை வெளியே தாழிட்டுவிடுவார்கள். உள்ளே இருப்பவன் தகரத்தைத் தட்டித்தான் சொல்ல வேண்டும். ஒரு தட்டு என்றால் போ. இரண்டு தட்டு என்றால் நில். என் கைப்பேசி முன்னால் சார்ஜில் கிடந்தது.

என் கைக்கடிகாரத்தில் மணி 6.40. ஃபெடரல் ஹைவேயில் ஒரே ஜாம்; லோரி ஊர்ந்துகொண்டிருந்தது.

முதலில் வாடைதான் வந்தது. தார் வாடை... நனைந்த கயிற்று வாடை. பிறகு கணுக்காலில் ஈரம். மழை ஒழுகுகிறது என்று நினைத்தேன். விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.

உப்பு.

இரண்டு தட்டு தட்டினேன். லோரி நிற்கவில்லை.

மறுபடி இரண்டு.

அப்போது தலைக்கு மேல் பூட்ஸ் கால் நடந்தது. டக்... டக்... ஓடுகிற லோரியின் கூரையில்.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறியது.

"வேலாயுதம்! தொறடா!"

என்னோடு சேர்ந்து வேறு கைகளும் தட்டின. பக்கத்தில்... பின்னால்... நிறையக் கைகள்.

"ஐயா... தொறங்கய்யா..."

கையை இழுத்துக்கொண்டேன். தட்டல் நிற்கவில்லை.

வாயைப் பொத்தினேன். கூப்பாடு நிற்கவில்லை.

பூட்ஸ் நின்றது. என் உச்சந்தலைக்கு நேர் மேலே.

டொக்.

ஒரே தட்டு.

லோரி வேகமெடுத்தது.

8.05க்குக் கிள்ளானில் கதவைத் திறந்தார்கள். தரை காய்ந்து கிடந்தது. என் காற்சட்டை மட்டும் முழங்கால்வரை சொட்டியது.

"ஏன்டா நிறுத்தல?"

"நீங்க எங்கண்ணே நிறுத்தச் சொன்னீங்க? ஒரே தட்டுதான் கேட்டுச்சு. போயிட்டேன்."

"ரெண்டு கையாலயும் குத்துனேன்டா! உள்ள ஆளுங்க கத்துனாங்க..."

ஷாமினியின் முகம் வெளுத்தது.

"தமிழ்லயா அங்கிள்?"

தலையை ஆட்டினேன். பெட்டியைப் பார்த்தபடி அந்தப் பிள்ளை சொன்னது.

"அப்பா சொல்லியிருக்காரு. நாகப்பட்டினத்து ஆளுங்க. அந்த ஆபிசரோட கப்பல்ல கூலிக்கு இருந்தவங்க. சண்டையில அவங்க இருந்த அடித்தட்டுல தண்ணி ஏறிடுச்சாம். மேல வந்தா பீரங்கிக்காரங்களுக்கு இடைஞ்சல்னு அந்த ஆபிசரு அடித்தட்டு மூடியச் சாத்தச் சொல்லிட்டாராம். விடியுற வரைக்கும் அது மேலயே நின்னாராம்."

"எத்தன பேரு?"

"யாரும் எண்ணல."

பெட்டியை இறக்க நான் ஏறவில்லை. வேலாயுதமும் ஏறவில்லை.

"கப்பல் தப்பிச்சிருச்சு அங்கிள். அதுக்குத்தான் அவர கேப்டன் ஆக்குனாங்களாம்."