சங்கு ஊதும் நேரத்தில் ஏகாம்பரத்தின் டீக்கடை

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் கடலூரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் வாத்தியார். சனிக்கிழமைகளில் சிறைக்குப் போய், விடுதலையாகப் போகிறவர்களுக்குத் தொழில் நடத்தச் சொல்லிக்கொடுப்பேன். சரக்கை எங்கே வாங்குவது, விலை எப்படி வைப்பது, சிடுசிடுக்கிற ஆளிடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம். கூட்டம் வருகிற இடத்தில், கூட்டம் வருகிற நேரத்தில் கடை திற என்பது என் முக்கியமான பாடம். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் ஒருவர் ஏகாம்பரம். ஏழு வருடம் உள்ளே இருந்தவர். வெளியே வந்ததும் நெய்வேலியில் சுரங்க வாசலுக்கு எதிரே டீக்கடை போட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அவர் மனைவி அஞ்சலை மேல்பட்டாம்பாக்கத்தில் தாய்வீட்டில் இருந்தார். கடை நிலைத்தால் சேர்ந்து வாழ வருகிறேன் என்று சொல்லியிருந்தார். கண்ணாலேயே பார்த்துவிடட்டும் என்று ஒரு மாசி மாதத்தில் நானே கூட்டிப் போனேன்.

கடலூரிலிருந்து மேல்பட்டாம்பாக்கம் சுமார் பதினெட்டு கிலோமீட்டர், அன்றைக்கு டிக்கெட் ஒன்றே கால் ரூபாய். அஞ்சலை துணிப்பையோடு தயாராக நின்றார். பண்ருட்டியில் பஸ் மாறினோம். முந்திரி வறுக்கும் வாசனையில் எனக்குப் பசி. அந்தம்மா மட்டும் எதுவும் வேண்டாம் என்றுவிட்டு, ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டார். காரியம் பழம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"மைன்ஸுக்கா சார்? ஆர்ச் கேட்டுல எறங்கி வேற பஸ் புடிங்க" என்றார் கண்டக்டர். அப்படியே செய்தோம்.

கடையில் ஏகாம்பரம் மனைவியைப் பார்த்ததும் பெஞ்சை இரண்டு தரம் துடைத்தார். "உக்காரு. டீ போட்டுக்கினு வரேன்" என்றார். போட்டார், நல்ல டீ. அஞ்சலையின் முகம் தெளிந்திருந்தது. அப்போதே கிளம்பியிருக்கலாம். கூட்டத்தைக் காட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்கு. இரண்டு மணிக்கு ஷிப்ட் விடும், பொறுங்கள் என்று உட்கார வைத்தேன்.

சங்கு ஊதியது. தொழிலாளர்கள் திமுதிமுவென்று வந்தார்கள். ஏகாம்பரம் கையிலிருந்த கிளாஸை வைத்துவிட்டு வெளியே வந்து, சாலையோரம் குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார். சிறையில் ஆள் கணக்கெடுக்கும்போது அப்படித்தான் உட்கார வைப்பார்கள். அங்கே மணி, இங்கே சங்கு. காதுக்குத்தான் வித்தியாசம்.

நான் பதறி எழுந்தேன். "டெய்லி நடக்கறதுதான் சார். ஒரு நிமிஷத்துல எந்திரிச்சிடுவாரு" என்றார் ஒரு தொழிலாளி. அவரே பாலை எடுத்து ஊற்ற, இன்னொருவர் கிளாஸ்களை நீட்டினார். யாரும் சிரிக்கவில்லை. ஒரு ஊரே அவருக்காகப் பழகியிருந்ததை நான் அஞ்சலைக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏகாம்பரம் எழுந்து வந்து மனைவியைப் பார்த்தார். "கால்தாம்மே சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றார்.

அஞ்சலை துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். பஸ் ஏறும்போது என்னிடம் சொன்னார்: "அவரு இன்னும் உள்ளாறதாங்க இருக்காரு. வெளிய வந்தா சொல்லியனுப்புங்க."

ஒரு வருடத்துக்குள் ஏகாம்பரம் குந்துவதை நிறுத்திவிட்டார். சங்கு ஊதினால் ஒரு கணம் கை நிற்கும், அவ்வளவுதான். சொல்ல மேல்பட்டாம்பாக்கம் ஓடினேன். வீடு பூட்டிக் கிடந்தது. தாயார் போன பிறகு அஞ்சலை எங்கோ வேலைக்குப் போய்விட்டாராம், இடம் யாருக்கும் தெரியவில்லை. அதை ஏகாம்பரத்திடம் போய்ச் சொன்ன பயணத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

நெய்வேலிக்குப் பண்ருட்டியிலிருந்து இப்போதும் அடிக்கடி பஸ் உண்டு. வெயிலுக்கு முன் போவது நல்லது. விடுதலையானவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டாரைக் கடைக்குக் கூட்டிப் போவதென்றால் காலை பத்து மணிக்குக் கூட்டிப் போங்கள். கூட்டம் இருக்காது, பரவாயில்லை. அந்தப் பெண் பார்க்க வருவது புருஷனைத்தான்.